600 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுவதற்குக் கொழும்பில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?

தெஹிவளையில் வசிப்பதாகவும், வயது 41 என்றும், நாள் முழுவதும் கதிரையில் இருந்து செய்யும் வேலை என்றும், ஞாயிறுதோறும் 60 அல்லது 70 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் எட்டு மாதத்தில், 600 கிலோமீற்றரை 40 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கும் ஓடாக்ஸ் வகை நெடுந்தூரச் சைக்கிளோட்டம் ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள். அதற்கு வாரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட வேண்டும், முன்கூட்டியே ஒரு தடவையாவது 500 கிலோமீற்றர் ஓடிப் பார்க்க வேண்டுமா, மேடு என்று சொல்ல ஒரு பாலத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத கொழும்பில் பழகுவது போதுமா என்பன உங்கள் முக்கியமான மூன்று கேள்விகள். மூன்றையும் சேர்த்து வாசித்தபோது, இவ்வளவு தூரத்தை என் கால்கள் தாங்குமா என்ற ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. எட்டு மாதம் ஒழுங்காக ஓடினால் தாங்கும். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் 300 கிலோமீற்றருக்கு அப்பால் ஓட்டத்தைக் கைவிட்டவர்களில், கால் ஓய்ந்து கைவிட்டவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். வயிறு, தோல், உள்ளங்கை, கழுத்து, தூக்கம் ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலானவர்களை வீதியோரத்தில் உட்கார வைத்தது. ஆகவே என் பதிலின் பெரும்பகுதி கால்களைப் பற்றியதாக இராது.

நான் தொழிலால் இயன்மருத்துவன்; 16 ஆண்டுகளாக வெள்ளவத்தையில் முழங்கால், முதுகு, தோள்மூட்டு நோவுடன் வருபவர்களைப் பார்த்து வருகிறேன். நெடுந்தூரச் சைக்கிளோட்டத்தில் ஏறத்தாழ 12 ஆண்டு அனுபவம் உண்டு. 600 கிலோமீற்றர் ஓட்டங்களைப் பல தடவையும் 1000 கிலோமீற்றர் ஓட்டத்தை ஒரேயொரு தடவையும் முடித்திருக்கிறேன். அதற்கு அப்பாலுள்ள தூரங்களை நான் ஓடியதில்லை. என்னிடம் பயிற்சி பற்றி ஆலோசனை கேட்டவர்களும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே எங்கே என் படிப்பு பேசுகிறது, எங்கே என் பழக்கம் மட்டும் பேசுகிறது என்பதை இயன்றவரை பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பயிற்சியின் திசையை அதுதான் தீர்மானிக்கிறது. 1904இல் பாரிஸில் தொடங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த நேர எல்லைகளையே பல நாடுகளில் இவ்வகை ஓட்டங்கள் பின்பற்றுகின்றன: 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40, 1000க்கு 75. நின்ற நேரம், உண்ட நேரம், உறங்கிய நேரம் எல்லாம் இதற்குள் அடக்கம். இது போட்டி அன்று. முதலாவதாக வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மதிப்புத்தான். 600ஐ 40ஆல் பிரித்தால் மணிக்கு 15 கிலோமீற்றர் வருகிறது. அது கொழும்பு – காலி வீதியில் பாடசாலைப் பிள்ளைகள் போகும் வேகம். உங்கள் சைக்கிள் உருளும்போது சராசரி வேகம் 20 என்றால் 30 மணித்தியாலம் ஓடுவீர்கள், 10 மணித்தியாலம் கையில் மிஞ்சும். சராசரி 22 ஆனால் ஓடும் நேரம் இருபத்தேழேகால் மணித்தியாலமாகக் குறையும். அந்த இரண்டு கிலோமீற்றர் வேகத்தைக் கூட்டுவதற்கு ஒருவர் பல மாதம் வியர்வை சிந்த வேண்டும். அதனால் கிடைப்பது இரண்டே முக்கால் மணித்தியாலம். வழியில் பத்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் கைபேசியைப் பார்த்தபடி 20 நிமிடத்தை வீணாக்கினால், மூன்று மணித்தியாலமும் 20 நிமிடமும் போய்விடும். நான் முடித்த முதலாவது 600இல் வேகத்தில் என்னைவிடப் பலமடங்கு வல்லவரான நண்பர் ஒருவர் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். அவர் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் கதிரையில் சாய்ந்தார். நான் வாழைப்பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

வாரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு எத்தனை மணித்தியாலம் என்று எண்ணுங்கள். காற்றும் நெரிசலும் கிலோமீற்றரை ஏமாற்றும். முதல் மாதம் வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் போதும். ஐந்தாம், ஆறாம் மாதங்களில் பத்து, பதினொன்று வரை உயரலாம். வேலைக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் போனால் தூக்கம்தான் வெட்டுப்படும், தூக்கத்தை வெட்டிச் செய்யும் பயிற்சியால் உடல் ஈட்டுவது குறைவு. வார நாட்களில் மூன்று தடவை, விடிய நாலே முக்காலுக்குப் புறப்பட்டு ஒன்றேகால் மணித்தியாலம் ஓடுங்கள். ஆறு மணிக்குப் பிறகு காலி வீதியில் பஸ்களோடு மல்லுக்கட்டுவதைப் பயிற்சி என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நேரத்தில் பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாவைச் சுற்றியுள்ள வீதிகள் ஓரளவு அமைதியாக இருக்கும். இவற்றை முழு வசனமாகப் பேசக்கூடிய மூச்சோடு ஓட வேண்டும்; பக்கத்தில் வருபவரிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. மூன்று மாதம் கழிந்த பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் கடினமாக்கி, எட்டு நிமிட முயற்சிகள் நான்கு, இடையில் நாலைந்து நிமிட இளைப்பாறல் என்று செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டந்தான் முதுகெலும்பு. முதல் மாத முடிவில் 80, இரண்டாம் மாதத்தில் 120, மூன்றாம் மாதத்தில் 150 என்று ஏறுங்கள். நாலாம் மாதம் 200; கோட்டையிலிருந்து இக்கடுவைக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ அந்தத் தூரம் வரும். ஐந்தாம் மாதம் சனி 130, ஞாயிறு 130 என்று அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தடவையாவது ஓடுங்கள். நொந்த உடம்பை மறுநாள் காலை மீண்டும் சீட்டில் ஏற்றும் அந்தப் பழக்கம், ஒரே நாளில் 260 ஓடுவதால் வாராது. ஆறாம் மாதம் 300. மாத்தறைக்குப் போய்த் திரும்பினால் சற்று மேலே வரும். ஒவ்வொரு நாலாவது வாரமும் மூன்றில் ஒரு பங்கையாவது குறைத்துவிட வேண்டும். இதில் ஓர் உடற்கூற்று நியாயம் உண்டு: இதயமும் இரத்தமும் சில வாரங்களில் புதிய வேலைக்குப் பழகிவிடும், தசையும் பின்னாலேயே வந்துவிடும், ஆனால் தசைநாண்கள் இறுகி வலுப்பெற மாதங்கள் எடுக்கும். அதனால்தான் என்னிடம் முழங்கால் நோவோடு வரும் புதிய சைக்கிளோட்டிகளில் பலர், பயிற்சி தொடங்கி ஆறாவது, எட்டாவது வாரத்தில், அதாவது மூச்சு நன்றாகப் பிடித்து உற்சாகம் ஏறிய நேரத்தில் வருகிறார்கள்.

500 கிலோமீற்றரை முன்கூட்டி ஓட வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் முதன்முதல் நடந்தபோது சார்ல்ஸ் டெரோன் என்பவர் 71 மணித்தியாலமும் 22 நிமிடமும் எடுத்து அதில் வென்றார். இப்போது அது நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை, ஏறத்தாழ 1200 கிலோமீற்றர், 90 மணித்தியால எல்லையோடு நடைபெறுகிறது. அதில் சேர்வதற்கு அதே ஆண்டில் 200, 300, 400, 600 ஆகிய நான்கையும் முடித்திருக்க வேண்டும். 1200 ஓடப்போகிறவரிடம்கூட யாரும் 1000 ஓடிக் காட்டச் சொல்வதில்லை, பாதித் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். உங்களுக்கு 400 போதும்; ஆனால் அதில் ஒரு முழு இரவு இருக்க வேண்டும். ஏழாம் மாதத்தின் நடுவில் அதை முடித்துவிட்டு, பிறகு 200க்கு மேல் எதையும் தொடாதீர்கள். கடைசி இரண்டு வாரமும் ஓட்ட நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நாட்களில் கால் துருதுருக்கும், பயிற்சி கரைந்து போகிறது என்று மனம் அரிக்கும். இரண்டு வாரத்தில் அப்படி எதுவும் கரையாது.

மலை பற்றி: நீங்கள் ஓடப்போகும் வழி மத்திய மலைநாட்டைத் தொடுமானால், அவிசாவளை தாண்டிக் கித்துல்கல, கினிகத்தேனை வழியாக அட்டன் ஏறும் வீதியை மூன்று நாலு தடவையாவது கண்டிருக்க வேண்டும்; ஏற்றத்தைவிட இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பழகுவதற்காகவே அதைச் சொல்கிறேன். வழி சமதரையாகவே இருந்தால் மலையைத் தேடிப் போகத் தேவையில்லை. ஆனால் சமதரையை இலேசானது என்று எண்ணுபவர்கள் ஏமாறுகிறார்கள். ஏற்றத்தில் எழும்பி நிற்கிறோம், இறக்கத்தில் கால் ஆறுகிறது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை போகும் வீதியில் இரண்டுமே இல்லை, பிட்டமும் உள்ளங்கையும் ஒரே இடத்தில் மணித்தியாலக் கணக்காக அழுந்திக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தேவை இல்லாவிட்டாலும், எழும்பி இருபது மிதி மிதித்துவிட்டு உட்காருங்கள். இதைப் பழக்கமாக்க மாதக்கணக்கில் எடுக்கும், ஏனென்றால் களைத்தவுடன் முதலில் மறப்பது இதைத்தான். மலையின் இடத்தை இங்கே காற்று எடுத்துக்கொள்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் காலத்தில் வடக்கே போவது பட்டத்தைப் போல இருக்கும், திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். டிசம்பருக்குப் பிறகு வாடையில் இது தலைகீழாகும். எதிர்காற்றில் வேகமானியைப் பார்த்து ஓடுபவர் தன்னைத் தானே எரித்துக்கொள்வார். மூச்சைப் பார்த்து ஓடுங்கள், வேகம் 16க்கு இறங்கினாலும் இறங்கட்டும்.

கொழும்பின் உண்மையான மலை வெக்கைதான். இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகை செல்சியசைச் சுற்றியே இருந்தாலும், காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. வெக்கையில் தொடர்ந்து பத்துப் பதினாலு நாள் உழைத்தால் இரத்தத் திரவம் பெருகுவதும், வியர்வை முந்திச் சுரப்பதும், அதில் உப்புக் குறைவதும் நன்றாக நிறுவப்பட்ட விடயங்கள். அதே அளவு உறுதியாகத் தெரிந்த இன்னொன்று, குளிரூட்டிய அறையில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும் என்பது. உங்கள் அலுவலகத்தில் குளிரூட்டி இருக்குமானால், விடியப்புறம் மட்டும் ஓடிவிட்டு வெயிலுக்குப் பழகிவிட்டதாக எண்ணாதீர்கள். கடைசி ஆறு வாரத்தில் ஞாயிறு ஓட்டத்தை வேண்டுமென்றே பகல் பத்துக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்துக்குள் கொண்டு போங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றர் வியர்ப்பவரும் உண்டு, ஒன்றரை லீற்றருக்கு மேல் வியர்ப்பவரும் உண்டு. உங்கள் அளவை நீங்களே அறியலாம்: உடையின்றி எடை பாருங்கள், எதுவும் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் ஓடுங்கள், உடம்பைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர். அந்த இழப்பில் முக்கால் பங்கை மீட்டால் போதும், முழுவதையும் மீட்க முயலாதீர்கள். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதன்முதல் யாழ்ப்பாணத்துக்கு ஓடியபோது, சித்திரை வெயிலில், புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் வெறும் தண்ணீரும் இளநீருமாகக் குடித்துக்கொண்டே போனேன். மதவாச்சியை நெருங்கும்போது மணிக்கூட்டுப் பட்டி கையை இறுக்கியது, விரல்கள் வீங்கியிருந்தன, தலை இடித்தது, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. வீதியோரக் கடை அம்மா ஒருவர் உப்புப் போட்ட கஞ்சி தந்து, பின்னால் கிடந்த வாங்கில் படுக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் எழும்பினேன். இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாததால் அது, அளவுக்கு மேல் குடித்த தண்ணீரால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும் சோடியக் குறைவுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், ஆனால் அறிகுறிகள் எல்லாம் அதையே காட்டின. ஓட்டத்தின்போது எடை கூடுவதும் விரல் வீங்குவதும், மேலும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதற்கான அடையாளம். இளநீர் நல்ல பானந்தான், ஆனால் அதில் நிறைந்திருப்பது பொற்றாசியம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். நான் இப்போது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் சீனியும், தட்டையாக அரைத் தேக்கரண்டி உப்பும், ஒரு தேசிக்காயும் கலக்கிறேன். கடையில் விற்கும் விலையுயர்ந்த தூள்களிலிருந்து இது பெரிதாக வேறுபடுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் உப்பைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

உணவிலும் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த வேகத்தில் ஓடும் சராசரி உடம்புக்கு மணித்தியாலத்துக்கு 400 முதல் 500 கிலோகலோரி வரை செலவாகும். 600 கிலோமீற்றருக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து 2000 கிலோகலோரி அளவுதான். மீதியில் பெரும்பங்கைக் கொழுப்புத் தரும், ஆனால் மெதுவாக ஓடினால் மட்டுமே தரும். மெதுவாகப் பழகச் சொல்வதன் முதற் காரணம் இது. மாச்சத்தை மணித்தியாலத்துக்கு 60 கிராம் அளவில் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம், பாண் துண்டு ஒன்றில் 15 கிராம் அளவு, இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன் ரீயில் எட்டு முதல் பத்துக் கிராம் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். குடலும் பயிற்சி பெறும் உறுப்பு. பயிற்சி ஓட்டங்களில் ஒவ்வொரு மணித்தியாலமும் உண்டு பழகியவரின் குடல் கூடுதலாக உறிஞ்சும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அதனால், ஓட்ட நாளில் எதை உண்ணப் போகிறீர்களோ அதையே 200இலும் 300இலும் உண்ணுங்கள். நடுச்சாமத்தில் வீதியோரக் கடையில் என்ன கிடைக்குமோ அதுவும் உங்கள் வயிற்றுக்குப் பழகியிருக்க வேண்டும். எனக்கு 15 மணித்தியாலத்துக்குப் பிறகு இனிப்பு இறங்காது. அப்போது இடியப்பமும் சொதியும், அல்லது உப்புத் தூவிய அவித்த கிழங்கும் கை கொடுக்கும். பகல் ஓட்டத்தில் கொத்து ரொட்டி உண்டுவிட்டு ஏறிய ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை. அவரும் அந்த உணவும் பாணந்துறையோடு பிரிந்தார்கள்.

உடம்பு சைக்கிளைத் தொடும் மூன்று இடங்களைப் பற்றி என் தொழில் சார்ந்தே பேசலாம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயர்ந்திருந்தால் பின்பக்கம் நோகும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பொதுவாகச் சரி. மாற்றுவதானால் ஒரு தடவைக்கு மூன்று நாலு மில்லிமீற்றருக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றிய பின் ஒரு வாரம் பொறுங்கள். சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹாண்டிலைச் சற்று உயர்த்தி, மணிக்கட்டுப் பின்னுக்கு வளையாதபடி பிடித்து, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். ஓட்டம் முடிந்து பல நாளாகியும் திறப்பைத் திருகுவதற்குப் பலம் இல்லையென்றால் வைத்தியரிடம் போக வேண்டும். தொடையிடுக்குப் புண்தான் எங்கள் ஊர் ஈரத்தில் மிகக் கொடியது. நனைந்து ஊறிய தோல் எளிதில் உரியும், உரிந்த இடத்தில் வியர்வை உப்பு இறங்கினால் ஓட்டம் அத்தோடு சரி. வாசலின் தடவுவதும், 200 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கழுவித் துடைத்து உலர்ந்த காற்சட்டை மாற்றுவதும் பதினைந்து நிமிடம் எடுக்கும். நிறுத்தங்களைக் குறைக்கச் சொல்லும் நானே இந்தப் பதினைந்து நிமிடத்தை ஒருபோதும் மிச்சம் பிடிப்பதில்லை. கழுத்துத் தசை ஓய்ந்து தலையையே நிமிர்த்த முடியாமல் போகும் நிலையும் உண்டு. 1983இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஓட்டத்தில் மைக்கல் ஷேர்மர் என்பவருக்கு அது நேர்ந்ததால், அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 600இல் அது வருவது அரிது. ஆனாலும் வாரத்தில் இரண்டு தடவை பத்து நிமிடம் கழுத்து, தோள்பட்டை, முதுகு வலுவூட்டும் பயிற்சி செய்வதில் நட்டம் எதுவும் இல்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். குறைவாகத் தூங்கி வாழ உடம்பைப் பழக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அப்படி ஒரு பழக்கம் கிடையாது, கடன் மட்டுமே கூடும். செய்யக்கூடியது, ஓட்டத்துக்கு முந்திய வாரம் நன்றாகத் தூங்குவதும், ஓட்டத்தில் எங்கே தூங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும்தான். அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரை உடலின் உள்மணிக்கூடு மிகத் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தை ஓடித் தள்ளுவதைவிட, 350, 400 கிலோமீற்றர் அளவில் இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டு வெளிச்சத்தோடு புறப்படுவது பெரும்பாலானவர்களுக்கு இலாபம். அவசரத்துக்கு, ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடினால், கஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழும்பலாம். கடந்து வந்த ஒரு கிலோமீற்றர் நினைவில் இல்லை என்று உணர்ந்த கணத்தில் இறங்கிவிட வேண்டும், அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவுப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். புத்தளம் – அநுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவவை அண்டிய பகுதிகளில் இருட்டில் யானை வீதியைக் கடக்கும்; யாழ்ப்பாண இரவுப் பஸ்கள் எப்படி முந்தும் என்பது உங்களுக்கே தெரியும். ஒளி தெறிக்கும் மேலங்கியும் இரண்டு பின்விளக்குகளும் கட்டாயம். ஐரோப்பாவைக் கடக்கும் டிரான்ஸ்கொன்டினென்டல் ஓட்டத்தை 2013இல் தொடங்கிய மைக் ஹோல், 2017இல் அவுஸ்திரேலியாவில் விடியுமுன் கார் மோதி இறந்தார். அனுபவத்தில் அவருக்கு ஈடானவர் சிலரே.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் எண்பது வீதம் இலேசாகவும் இருபது வீதம் கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற விகிதம் பரவலாகப் பேசப்படுகிறது. பெரும்பகுதி இலேசாக இருக்க வேண்டும் என்பது வரை எனக்கு உடன்பாடு, ஆனால் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்கச் சான்று போதாது. வாரத்துக்குப் பத்து வீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்ற விதியும் அப்படித்தான். எச்சரிக்கையாகப் பயன்படும், காயத்தைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பை எரிக்கும் திறன் கூடும் என்பது ஆய்வுகூடத்தில் தென்பட்டாலும், அதனால் 600 ஓட்டம் எளிதாகிறதா என்பதில் கருத்து ஒருமிக்கவில்லை. உப்புக் குறைவதால்தான் தசை பிடிக்கிறது என்பது நம்மவரிடையே ஆழமான நம்பிக்கை. களைத்த தசையின் நரம்புக் கட்டுப்பாடு தளர்வதுதான் முதன்மைக் காரணம் என்று கருதும் ஆய்வாளர்களோடு நான் சாய்கிறேன், ஆயினும் வாதம் முடியவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு தடை உண்டு: நோவுக்காக ஐபுபுரோபன் வகை மாத்திரைகளை ஓட்டத்தின்போது எடுக்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரை இல்லாமல் தொடர முடியாத நோவென்றால் பஸ் ஏறுவதே சரி.

வயது நாற்பதைக் கடந்துவிட்டது, தகப்பனாருக்கு ஐம்பத்தாறில் மாரடைப்பு வந்தது என்று கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியர் ஒருவரிடம் இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, இதய மின்வரைபு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையானால் ஓடுபொறியில் வைத்துச் சோதிக்கலாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அது என் துறை அன்று. புதிய கார்பன் சைக்கிள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதுள்ள வண்டியில் 28 அல்லது 32 மில்லிமீற்றர் ரயர் போட இடமிருந்தால் அதுவே போதும். மிச்சப் பணத்தில் நல்ல சீட், நல்ல விளக்கு, பொருந்திய காற்சட்டைகள் இரண்டு வாங்குங்கள். வைத்தியர் சரியென்று சொன்ன பிறகு, வரும் ஞாயிறு ஒரு மணித்தியாலம் ஓடி, முன்னும் பின்னும் பார்த்த எடை இரண்டையும் இங்கே எழுதினால், போத்தல் எத்தனை, உப்பு எவ்வளவு என்பதை உங்களுக்கென்றே கணக்கிட்டுத் தருகிறேன்.